கையைப் பிடித்துக் கூட்டிப் போனவர்

பள்ளிவாசல் எஸ்டேட்டில் குருசாமியைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அவருடைய கையைப் பற்றித்தான் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் பிட்டராக இருந்தவர். கொழுந்தை நசுக்கி அறுக்கிற இயந்திரத்தில் இரண்டு இரும்பு ரோலர்கள் எதிரெதிராகச் சுழலும். அவற்றின் பல் மழுங்கினால் தூள் கெட்டுப்போகும். மழுங்கியதைக் கழற்றித் தூக்கி, லேத்தில் ஏற்றி, பல்லை மறுபடியும் கூராக வெட்டி மாட்டுவது அவர் வேலை. எண்ணெய் வழுக்குகிற கனத்தைப் பிடித்துப் பிடித்து அவருடைய விரல்கள் இறுகிப்போயிருந்தன. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டு இன்பமேரி சொல்வாள்: "குருசாமி அண்ணன் மூடுன ஊறுகா பாட்டில லயமே கூடுனாலும் தொறக்க முடியாது. அவரத்தான் மறுபடி கூப்புடணும்."

அடுத்ததாகச் சொல்வது அவருடைய பணிவு. காக்கிச் சட்டையோ, மேனேஜரின் தொப்பியோ, எது எதிரே வந்தாலும் அவர் கால் தானாகவே செருப்பை விட்டு வெளியே வந்துவிடும். வனத்துறை கார்டு ஒருவர் வழி கேட்டதற்குக்கூட அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பதில் சொன்னதை இளவட்டங்கள் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். குருசாமி கோபப்பட மாட்டார். "சிரிங்கலே. நான் இன்னை வரைக்கும் ஒரு அடி வாங்காம ரிட்டயர்டு ஆயிருக்கேன்" என்பார்.

அது முழு உண்மை இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு தடவை வாங்கியிருக்கிறார். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏனென்றால் அது முறைப்படி விழுந்த அடி.

அந்த எஸ்டேட்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பையனைத் தேடிப் போலீஸ் வந்துவிட்டால் அவனை ஓடவிட மாட்டார்கள். அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போவார். ஜீப்பில் போகக்கூடாது. நடந்து போவதை நாலு பேர் பார்க்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாறே, பையனக் கொண்டு வந்திருக்கேன்" என்று சொல்லி, பிடித்த கையை எஸ்.ஐ. பக்கம் நீட்ட வேண்டும். உள்ளே அடி விழும். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் யூனியன்காரர் வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், அப்பாவும் போடுவார், பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். லயத்துக் கூரை ஒழுகுவதற்காக நடந்த வேலைநிறுத்தத்தில் குருசாமியை அவருடைய அப்பா அப்படித்தான் கூட்டிப்போனார். நாலு நாள் குப்புறப் படுத்திருந்தார், ஐந்தாம் நாள் வேலைக்குப் போனார். அதே வேலைநிறுத்தத்தில் ஓடிப்போன இன்னொருவன் ஒரு வாரம் கழித்து அருவிக்குக் கீழே கிடந்தான். வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். குருசாமிக்கு உலகம் அன்றோடு புரிந்துவிட்டது. ஓடுகிறவன் சாவான், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவன் பிழைப்பான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகன் ஜெகனின் முறை வந்தது. மேல் லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே செத்துப்போனாள். ஆம்புலன்ஸ் கேட்டு இளைஞர்கள் கொழுந்து லாரியைக் குறுக்கே நிறுத்தி ரோட்டை மறித்தார்கள். கல் பறந்தது, போலீஸ் ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. ஐந்து பேரைத் தேடினார்கள். ஜெகன் போடிமெட்டில் ஒரு நண்பன் வீட்டில் ஒளிந்திருந்தான். மறுநாள் காலை யூனியன்காரர் சுவக்கீன், குருசாமியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வே குருசாமி, எஸ்.ஐ. மலையாளத்தான்னாலும் நல்ல மனுஷன். நீரே கூட்டிட்டு வந்துட்டா மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

குருசாமி பஸ் ஏறிப் போடிமெட்டுக்குப் போனார். நண்பன் வீட்டிலிருந்து பார்த்தால் செக்போஸ்ட் தெரியும். அதன் குறுக்குக் கம்பத்தைத் தாண்டினால் தமிழ்நாடு.

"அப்பா, அங்கிட்டு எறங்குனா போடி. ரெண்டு மாசம் தேனிப் பக்கம் கெடந்துட்டு வாரேன்" என்றான் ஜெகன்.

"ஓடுனவனத்தான்ல கொல்லுவான். நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா உசுருக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அன்று சாயங்காலம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெகனின் இடது காதிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கோட்டயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவில்லை. யாராவது கேட்டால் குருசாமி ஒரே பதிலைச் சொன்னார்: "உசுரோட வந்தான்ல."

ஜெகன் சண்டை போடவில்லை. சுற்றுலா ஜீப் ஓட்டப் போனான், வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான். ஆனால் அப்பா இருக்கும் இடத்தில் எப்போதும் இடது பக்கம் அவரைப் பார்த்து இருக்கும்படி உட்கார்ந்தான். அவர் ஏதாவது சொன்னால், "கேக்கலப்பா" என்பான். இன்னொரு தடவை சொன்னாலும் அதையேதான் சொல்வான்.

ரிட்டயர்டு ஆன பிறகு குருசாமி ஆப்பிரிக்காவுக்குப் போனார். கிழக்கே தேயிலை விளைகிற ஒரு மலைநாடு. நாட்டின் பெயரை லயத்தில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, ஆப்பிரிக்கா என்றாலே போதுமாக இருந்தது. முன்பு இங்கே இருந்த ஒரு உதவி மேனேஜர் அங்கே ஒரு ஃபேக்டரியை நடத்தினார், ரோலர் வேலைக்கு ஆள் கேட்டார், இவர் போனார். இரண்டு வருஷ ஒப்பந்தம். அங்கே இருந்தபோதுதான் மகள் மாரீஸ்வரிக்குப் போடியில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

மாரீஸ்வரி போனில் சொன்னாள்: "அப்பா, நீங்க வந்து என் கையப் பிடிச்சு அவுக கையில குடுக்கணும். பெரியப்பா குடுக்கட்டும், மாமா குடுக்கட்டும்னு ஏதாவது சொன்னீயள்னா நான் மணையில உக்காரவே மாட்டேன்."

"வந்துருவேன் தாயி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. அப்புறம் பிளைட்டு கேன்சல்ம்பாக."

"நான் என்னைக்குத் தாயி லேட்டா போயிருக்கேன்?"

இதுவும் ஊர் அறிந்த விஷயம். ஃபேக்டரிச் சங்கு ஊதும்போது அவர் உள்ளே நின்றுகொண்டிருப்பார்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு விமானம். அதை விட்டால் அடுத்த டிக்கெட் திங்கட்கிழமைதான். விடிவதற்கு முன்பே ஃபேக்டரி வேனில் கிளம்பினார்கள். ஓட்டுநர் டேனியலுக்கு ஐம்பது வயது இருக்கும். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் குருசாமியைச் சந்தைக்குக் கூட்டிப்போனவர். குருசாமிக்குத் தெரிந்த இங்கிலீஷ் பேரிங், கிரீஸ், யெஸ் சார், டுமாரோ ரெடி என்ற அளவில்தான். டேனியல் அந்த அளவுக்குள்ளேயே நின்று, மீதியைச் சைகையில் பேசுவார். குருசாமி கொடுத்த முருகன் படம் ஒன்றை வேனின் முன்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

தலைநகரத்துக்குள் நுழைந்ததும் வண்டிகள் நின்றன. விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய மேம்பாலம். அதன் அடியில் இளைஞர்கள் சாலையை மறித்திருந்தார்கள். இந்தப் பக்கம் போலீஸ். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க். பங்கின் ஓரத்தில் ஏழெட்டு வண்டிகள் மாட்டிக்கொண்டன, அவற்றில் இவர்களுடைய வேனும் ஒன்று. அப்போது மணி பத்தரை.

"என்ன கேக்குறாங்க?" என்றார் குருசாமி.

டேனியல் விரல்விட்டுச் சொன்னார். மாவு விலை ஏறிவிட்டது. காலேஜ் கட்டணம் ஏறிவிட்டது. படித்தவனுக்கு வேலை இல்லை. போன வாரம் கேட்கப் போனவர்களில் மூன்று பேர் வீடு திரும்பவில்லை. இப்போது அந்த மூன்று பேர் எங்கே என்று கேட்கிறார்கள்.

குருசாமி கண்ணாடி வழியாகப் பார்த்தார். இருநூறு முந்நூறு பேர் இருக்கும். முழங்காலில் கிழிந்த பேன்ட்டு, கழுத்தில் கட்டிய கொடி, எல்லோர் கையிலும் போன். ஜெகனின் ஜீப் ஸ்டாண்டில் நிற்கிறவர்களைப் போலவேதான் இருந்தார்கள். ஒரு பெண் லாரி டயர் மேல் ஏறி நின்று மைக்கில் பெயர்களைச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒரே சொல்லால் பதில் சொன்னது. மூன்று பெயர் முடிந்ததும் மறுபடியும் முதல் பெயர். கல் எறியவில்லை. நெருங்கவும் இல்லை. தார்ச்சாலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு அதற்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.

போலீஸ்காரர்கள் கேடயத்தைத் தரையில் ஊன்றி வரிசையாக நின்றார்கள். பின்னால் ஒரு குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார். நல்ல பருமன், நரைத்த மீசை. அவருடைய நிதானத்தைப் பார்த்ததும் குருசாமிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நல்ல மனுஷனாக இருப்பார் என்று தோன்றியது.

பதினொன்றரை ஆனது. ஒரு மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குருசாமி பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்.

"வேற ரோடு?"

"வேறு ரோடு இல்லை சார்."

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி டீக் கோப்பையை உதறிக் கவிழ்த்தார். எழுந்து ஒரு கையை உயர்த்தினார். கண்ணீர்ப்புகைக் குண்டுகள் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தன. கேடயங்கள் நகர்ந்தன. கூட்டம் கலைந்து பாலத்தின் தூண்களுக்குப் பின்னால் ஓடியது. டயர் மேல் நின்ற பெண்ணை நாலு பேர் முடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். மைக் அவள் கையிலேயே இருந்ததால் அவளுடைய கத்தல் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.

குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வேனுக்கு அடியில் ஏதோ இடித்தது. கதவைத் திறந்து குனிந்தார். ஒரு பையன் படுத்திருந்தான். பதினாறு பதினேழு வயது. பள்ளிக்கூடத்து நீல ஸ்வெட்டர், ஒரு காலில் மட்டும் ஷூ. நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் நின்றது. குருசாமியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "பாபா" என்றான். அந்த ஊரில் அப்பாவுக்கு அதுதான் சொல்.

டேனியல் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கதவை மூடுங்கள் சார். நாம் எதையும் பார்க்கவில்லை. அவன் கிடக்கட்டும். இருட்டினால் போய்விடுவான்."

"இருட்டுற வரைக்கும் இங்கயா?"

டேனியல் கதவை மூடக் கையை நீட்டினார்.

முன்னால் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். குருசாமி யோசித்தார். இங்கேயே கண்டுபிடித்தால் இழுத்துப் போட்டு அடித்தே கொன்றுவிடுவார்கள். எழுந்து ஓடினால் சுடுவார்கள். ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் அடி வாங்குவதோடு போய்விடும். அதோடு ரோடும் திறக்கும், ஒரு மணிக்குப் போய்விடலாம். இந்த இரண்டு எண்ணங்களில் எது முதலில் வந்தது என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தார். வரிசை அவருக்குப் பிடிபடவே இல்லை.

அவர் ஷூவைக் கழற்றினார்.

"சார், என்ன செய்கிறீர்கள்?"

"ஓல்டு மேன் டேக்கிங், நோ கில்லிங்" என்றார் குருசாமி. "எங்க ஊர்ல அப்படித்தான்."

"இது உங்கள் ஊர் இல்லை சார்." டேனியல் அவருடைய சட்டையைப் பிடித்தார். "வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்."

குருசாமி குனிந்து கையை நீட்டினார். "வாய்யா. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் இருக்கேன்லா." தமிழ்தான். ஆனால் நரைத்த தலையும் நீட்டிய கையும் பையனுக்கு வேறு விதமாகப் புரிந்திருக்க வேண்டும், தன்னை எங்கேயோ ஒளித்து வைக்கக் கூப்பிடுகிறார் என்று. அவன் கையைக் கொடுத்தான். ஊர்ந்து வெளியே வந்தான். சிரிக்கக்கூடச் செய்தான்.

வேனிலிருந்து குடைக்கு அறுபது காலடி தூரம் இருக்கும். வெறுங்காலுக்குத் தார் சுட்டது. தூண்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் எழுந்தது. போன்கள் உயர்ந்தன. பாதி வழியில் பையனுக்கு எங்கே போகிறோம் என்பது தெரிந்துவிட்டது. கையை உருவப் பார்த்தான். குருசாமி இறுக்கினார். அவன் உட்கார்ந்துவிடப் பார்த்தான், இவர் தூக்கி நிறுத்தினார். எண்ணெய் வழுக்குகிற ரோலரை விடாத கையிலிருந்து அவனுடைய மெலிந்த மணிக்கட்டு எப்படி வரும்? அவன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். குருசாமிக்குப் புரியவில்லை. "பயப்படாதல, பயப்படாதல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

குடைக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்து, பிடித்த கையை முன்னால் நீட்டினார்.

"சார். ஸ்மால் பாய். ஐ பிரிங்கிங்."

மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து, பையனின் கையை அல்ல, குருசாமியின் மற்றக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தியன்? டீ ஃபேக்டரி? குட் மேன்." இரண்டு போலீஸ்காரர்கள் பையனை வாங்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனார்கள். தென்னை மட்டையால் மெத்தையைத் தட்டுவது போன்ற சத்தம் வந்தது. முதலில் பையனின் குரலும் சேர்ந்து வந்தது. பிறகு தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

குருசாமி அங்கேயே நின்றார். அவர் கண் பெஞ்சைத் தேடியது.

"போகலாம். உங்கள் வண்டி போகலாம்" என்றார் அதிகாரி.

"சார், சைன்?"

"என்ன?"

"பேப்பர் சார். ஐ சைன். ஈவினிங் பாய் கோயிங் ஹோம்." காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.

அதிகாரி பக்கத்தில் நின்றவரிடம் தங்கள் மொழியில் அதைச் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். வரிசை முழுவதும் சிரிப்பு போயிற்று. ஒருவர் கேடயத்தில் தாளம்கூடத் தட்டினார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் லாரிக்குப் பின்னாலிருந்து பையனைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்திருந்தார்கள். கொழுந்துச் சாக்கை ஏற்றுகிற மாதிரி இரண்டு தடவை ஆட்டி லாரிக்குள் எறிந்தார்கள். இன்னொரு ஷூவும் இப்போது இல்லை.

வேனுக்குத் திரும்பியபோது குருசாமியின் ஷூக்கள் அவருடைய சீட்டில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. டேனியல் வண்டியை எடுத்தார். போலீஸ் வரிசை இவர்களுக்கு மட்டும் வழி விட்டது. விமான நிலைய வாசலில் டேனியல் இறங்கினார். பெட்டியை இறக்கித் தரையில் வைத்தார். குருசாமி நீட்டிய கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. வண்டிக்குள் எட்டி முருகன் படத்தை உரித்தெடுத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மணி பன்னிரண்டு ஐம்பது. பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசலில் ஜீப்பை விட்டு இறங்கியபோது லயமே வாசலில் நின்றது. மாரீஸ்வரி ஓடி வந்து, "நெசமாவே வந்துட்டீயளே" என்று தோளில் சாய்ந்தாள். மனைவி குருவம்மாள் ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, அங்க யானை பாத்தீரா?" என்றாள் இன்பமேரி.

"பாத்தேன்."

"அதப் பாக்கவா அம்புட்டுத் தொலைவு போனீரு? நேத்துக்கூட இங்க நம்ம கக்கூஸ இடிச்சுட்டுப் போச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். குருசாமியும் சிரித்தார். ஆப்பிரிக்காவைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் யானை, வரிக்குதிரை, சோள மாவுக் களி என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவ்வளவுதான் நடந்தது என்று அவருக்கே நம்பிக்கை வந்துகொண்டிருந்தது. பையனை இந்நேரம் கேஸ் எழுதி விட்டிருப்பார்கள். அவனுக்கும் யாராவது யூனியன்காரர் இருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஜெகன் வந்தான். வழக்கத்துக்கு மாறாக நேரே எதிரில் நின்றான். போனை நீட்டினான்.

"டிரைவர்மாரு குரூப்ல வந்துச்சு. இது நீங்கதானப்பா?"

நாற்பது செகண்டு வீடியோ. தூரத்திலிருந்து எடுத்தது. கட்டம் போட்ட சட்டையில் ஒரு வயதானவர், வெறுங்கால். நீல ஸ்வெட்டர் பையன் ஒருவன் கையை உருவுகிறான், உட்காருகிறான், அவர் தூக்கி நிறுத்துகிறார். மேலே மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. அந்தச் சட்டை போன தீபாவளிக்கு மாரீஸ்வரி பார்சலில் அனுப்பியது.

குருசாமி குழாயை மூடினார். "ஓடியிருந்தான்னா சுட்டிருப்பாங்கல."

"அவன் ஓடலையே. ஒளிஞ்சுல்லா இருந்தான். கீழ எல்லாம் எழுதியிருக்கு. வேனுக்கு அடியில கெடந்தவன வெளிய எடுத்தது யாருன்னு எழுதியிருக்கு."

"பெரிய ஆபீசரு. கைகுடுத்தாரு. நல்ல…"

"செத்துட்டான்" என்றான் ஜெகன். "அன்னைக்கே. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்கம்மா பேசுற வீடியோவும் இருக்கு. பாக்கீயளா?"

குருசாமி தலையை ஆட்டி மறுத்தார். தண்ணீர் ஓடி முடிந்த வாய்க்காலையே பார்த்தார். பிறகு, "நான் கூட்டிட்டுப் போனா கொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்ல. உன்னக் கூட்டிட்டுப் போனப்ப…" என்று ஆரம்பித்தார்.

ஜெகன் மெதுவாகத் திரும்பி இடது பக்கத்தை அவருக்குக் காட்டி நின்றான்.

"கேக்கலப்பா."

"ஜெகா."

"நாளைக்கு ஒம்பதுக்கு முகூர்த்தம். எட்டு மணிக்கெல்லாம் போடிக்காரங்க வந்துருவாங்க. மாரிக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "நேரத்துக்கு வந்துட்டீயல்ல. அதுக்குத்தான அவன் செத்துக் கெடந்தான்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போடிமெட்டு வழியாக இரண்டு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். சுவக்கீன் முன்வரிசையில் உட்கார்ந்து, "விமானம் பிடிச்சு வந்த அப்பன்வே இவரு" என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். ஜெகன் மணமேடைக்கு வலப்புறம் நின்றான்.

ஐயர் சொன்னபடி குருசாமி மகளின் வலது கையைப் பிடித்தார். குருவம்மாள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றத் தயாராக நின்றாள். மாப்பிள்ளை உள்ளங்கையை விரித்து நீட்டினார். மகளின் மருதாணி போட்ட கை, பயத்தில் கொஞ்சம் வியர்த்திருந்தது. மணிக்கட்டு மெலிந்திருந்தது.

"குடுங்கோ" என்றார் ஐயர்.

குருசாமி நின்றுகொண்டே இருந்தார்.

"கையைக் குடுங்கோ, நேரம் போறது."

"மாமா, நான் பத்திரமா பாத்துக்கிடுவேன்" என்றார் மாப்பிள்ளை சிரித்தபடி. முன்வரிசை சிரித்தது. இன்பமேரி பின்னாலிருந்து சொன்னாள்: "அது ஊறுகா பாட்டிலு மாதிரிதான். அவரே தொறந்தாத்தான் உண்டு." மண்டபம் முழுவதும் சிரிப்பு பரவியது. போடிக்காரர்கள் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போவதைக் குருசாமி கேட்டுக்கொண்டே நின்றார். விரல்கள் இன்னும் இறுகின.

மாரீஸ்வரி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கையை மெல்ல உருவப் பார்த்தாள், வரவில்லை. தலையைக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"வலிக்குதுப்பா. விடுங்க. விடுங்கப்பா."

பாதி வழியிலிருந்து குடை வரைக்கும் அந்தப் பையன் சொல்லிக்கொண்டே வந்த ஒரே சொல் என்னவாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் குருசாமிக்குத் தெரிந்தது. அவர் ஒவ்வொரு விரலாகத் திறந்தார். குருவம்மாள் தண்ணீரை ஊற்றினாள். மகளின் மணிக்கட்டில் வளையலுக்கு மேலே நாலு விரல் தடம் சிவந்து கிடந்தது. போட்டோவில் விழாதபடி மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடினாள்.

வலப்புறம் நின்ற ஜெகன் அதைப் பார்த்தான். பிறகு குனிந்து அட்சதைத் தட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, முன்வரிசைக்குக் கொடுக்கப் போனான்.